காட்டில் அம்பு எய்ய யாரைக் கேட்க வேணும்?

வேடர் என்றதும் எங்கட மனசில வாற படம் ஒன்றுதான். தோளில் கோடரி, கையில் வில், காட்டுக்குள் தன்ர பாட்டில் திரியிற ஒரு மனிசன். தம்பானைக்குச் சுற்றுலா போய் வாறவர்கள் போடுற படங்களிலும் அவர்தான் நிற்கிறார். வில் வைத்திருந்தவன் நினைச்ச இடத்தில் நினைச்சபடி அம்பு விட்டான், சட்டம் என்று ஒன்று பிறகுதான் வந்தது என்று இந்தப் படம் எங்களை நம்ப வைக்குது. பழைய பதிவுகளை வாசித்தால் அந்த நம்பிக்கை நிற்காது.

முதலில் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் மூதூர்ப் பக்கம், கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயர். 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் வேடர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். காட்டுக்குள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை இருந்தது. அந்த எல்லையைத் தாண்டி அம்பு எய்யக்கூடாது, தேன் எடுக்கக்கூடாது, பழம் பிடுங்கக்கூடாது. எல்லையோரம் நின்ற ஒரு பலா மரத்தின் கதையையும் சொல்கிறார். ஒருத்தன் பழம் பிடுங்க, பக்கத்துக் கூட்டத்தான் "இது எங்கட மரம்" என்றிருக்கிறான். வாய்ச்சண்டை அம்பில் முடிய, இரண்டு பக்கமும் ஆட்கள் திரண்டு இருபது, முப்பது பேர் அந்த இடத்திலேயே செத்தார்களாம். கணக்கைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைத்தாலும் விசயம் விளங்குது. ஒரு பலாப்பழத்துக்காக இவ்வளவு நடக்கவேணும் என்றால், அந்த எல்லை எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் மதித்த எல்லையாக இருந்திருக்க வேணும்.

அம்புமுனை வாங்குறதுக்கும் ஒரு முறை இருந்தது. இரவில் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், தங்களுக்கு வேண்டிய வடிவத்தில் வெட்டின ஒரு இலை. கொல்லன் அதே அளவில் முனை அடித்து அதே இடத்தில் வைத்தால் பிறகும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால் இன்னொரு இரவில் அம்பு வரும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கதைக்கவில்லை, ஆனால் ஒப்பந்தம் நடந்தது.

இருநூறு வருசத்துக்கு மேல் கழிந்து செலிக்மன் தம்பதியர் இங்கே வந்து ஆராய்ச்சி செய்து, 1911இல் வேடர் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார்கள். அவர்கள் வந்தபோதும் எந்தக் குடும்பம் எந்தக் காட்டுக்கு உரியது என்ற கணக்கு அழியவில்லை. அடிபட்ட மிருகம் ஓடிப்போய் அடுத்தவரின் காட்டில் விழுந்தால், அந்தக் காட்டுக்காரருக்கு இறைச்சியில் பங்கு கொடுக்க வேணும். வில் வேட்டை எப்படி நடக்கும் என்று யோசித்தால் இந்த விதியின் அருமை தெரியும். அம்பு பட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது. இரத்தம் சிந்திக்கொண்டு ஓடும், வேட்டைக்காரன் தடம் பார்த்துப் பின்னால் போக வேணும். மானுக்கு எல்லை தெரியாது. அதால வாற சண்டையைத் தவிர்க்கத்தான் பங்கு.

பிறகு அரசின் சட்டங்கள் வந்தன. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய பூங்காவுக்குள் வேட்டையாட ஏலாது, உள்ளே போகவே அனுமதிச்சீட்டு வேணும். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனமானது. துரித மகாவலித் திட்டத்துக்காகக் காடுகள் வெட்டப்பட, இடமிழந்த மிருகங்களுக்கு ஒரு புகலிடம் தேவைப்பட்டது. அந்தப் புகலிடத்துக்குள் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். பெரும்பாலான வேடர் குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு, நெல் விதைக்க அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமி தம்பானையை விட்டுப் போக மறுத்தார். அவருடைய மகன் வன்னியலே அத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐ.நா.வின் பழங்குடிகள் அமர்வு வரை போய்த் தங்கட காட்டைப் பற்றிப் பேசினார்.

"அப்ப எல்லாரையும் காட்டுக்குள் வேட்டையாட விடச் சொல்றீங்களா?" என்று கேட்கலாம். இல்லை. துவக்கும் கட்டுத்துவக்கும் மரக்கடத்தலும் உள்ள காலத்தில் காட்டுக்குக் காவல் தேவைதான். காவல் போட்டவர்கள், அங்கே ஏற்கனவே ஒரு காவல் இருந்ததா என்று கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி. யார் எங்கே எய்யலாம், விழுந்தது யாருக்கு, எந்த மரம் யாருடையது என்று ஒழுங்கு வைத்திருந்தவர்கள், ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு சொந்தக் காட்டிலேயே அத்துமீறுபவர்கள் ஆனார்கள்.

இது சிங்களப் பகுதியில் நடந்த கதை, எங்களுக்கென்ன என்று தள்ளிவைக்கவும் ஏலாது. வாகரை, வெருகல் பக்கத்தில் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட கரையோர வேடர் இருக்கிறார்கள். "வேடன்" என்ற சொல்லை நாங்கள் வசையாகவும் பாவிக்கிறோம். ஒழுங்கு தெரியாதவன் என்ற அர்த்தத்தில்.

இப்போது தம்பானைக்குப் போனால் உங்களுக்கு வில் வளைத்து அம்பு எய்து காட்டுவார்கள். நீங்கள் கைதட்டுவீர்கள், காசும் கொடுப்பீர்கள். அதே அம்பைப் பூங்கா எல்லைக்குள் ஒரு மானை நோக்கி விட்டால் அது குற்றம். அடுத்தமுறை போறவர்கள் வில்லைப் பிடித்துப் படம் எடுக்க முதல், அந்தப் பெரியவர்களிடம் அவர்களுடைய காட்டு எல்லை எது வரை இருந்தது என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.