காட் மீனும் நியூஃபவுண்ட்லாந்தும்

1497இல் கடலோடி ஜான் கபோட்டின் கப்பல் வட அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பியபோது, இன்று கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் கூடையை இறக்கினாலே மீன் அள்ளலாம் என்ற பேச்சு ஐரோப்பாவில் பரவியது. அந்த மீன் காட். கொழுப்புக் குறைவான அதன் சதை உப்பிட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கத்தோலிக்க நாடுகளில் இறைச்சி விலக்கிய விரத நாள்கள் ஏராளம். அந்நாள்களின் தட்டை நிரப்பியது இந்தக் கருவாடுதான். தரம் குறைந்த சரக்கு கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளின் உணவாகப் போனது.

தூண்டிலும் சிறு படகும் இருந்தவரை கடல் ஈடுகொடுத்தது. 1950களில் நிலைமை மாறியது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் இழுவைமடிக் கப்பல்கள் வந்தன. முள்ளில்லாத, ரொட்டித்தூள் பூசிய மீன் துண்டுகளை அமெரிக்க, பிரிட்டன் வீடுகள் விரும்பி வாங்கின. 1968இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியின் காட் பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தாண்டி உச்சம் தொட்டது.

1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்து அயல்நாட்டுக் கப்பல்களை விலக்கியது. ஆனால் அந்த இடத்தைக் கனடாவின் சொந்தக் கப்பல்களே பிடித்துக்கொண்டன. மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று கரையோர மீனவர்கள் சொன்னதைவிட, அரசு விஞ்ஞானிகளின் மிகையான இருப்புக் கணக்கே எடுபட்டது. 1992 ஜூலை 2இல் பிடிப்புக்குத் தடை வந்தது. சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். இரண்டே ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய தடை, 2024இல்தான் விலக்கப்பட்டது. அப்போது அனுமதித்த மொத்த அளவு 18,000 டன்.