உம்மைத்தொகை விரிந்தபோது

பழங்காநத்தம் ரவுண்டானாப் பக்கம் ஒரு டீக்கடை. பென்டிரைவில் நாள் முழுக்கப் பழைய பாட்டு ஓடும். போன மாதம் 'பாசமலர்' பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "எம்எஸ்வி எம்எஸ்விதான்யா" என்றார். "கூட ராமமூர்த்தியும் இருந்தாருல்லண்ணே" என்றேன். "அவரு வயலின்காரருப்பா" என்று முடித்துவிட்டார். ஒரு ரசிகரின் மறதி என்று இதை ஒதுக்க முடியவில்லை. தமிழ்த் திரையிசையின் வரலாறு நமக்குள் எழுதப்பட்டிருக்கிற முறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

தெரிந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1952இல் சி.ஆர். சுப்பராமன் முப்பது வயதை எட்டுமுன்பே இறந்துபோகிறார். அவர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் எம்.எஸ். விஸ்வநாதன், வயலின் வாசித்தவர் டி.கே. ராமமூர்த்தி. பாதியில் நின்ற 'தேவதாஸ்', 'சண்டிராணி', 'மருமகள்' படங்களின் வேலையை இருவரும் முடித்துக் கொடுக்கிறார்கள். அதே 1952இல் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன. இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் 1949இலேயே 'பர்சாத்' மூலம் இரட்டைப் பெயருக்கு ஒரு சந்தையை உருவாக்கிவிட்டிருந்தார்கள்.

யார் பெயர் முதலில் வருவது? ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர், விஸ்வநாதன் 1928. மூத்தவர் திருச்சியில் வயலின் பரம்பரையில் வந்தவர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன். இளையவர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, தியேட்டரில் தின்பண்டம் விற்று, சினிமாக் கம்பெனியில் எடுபிடி வேலை பார்த்து மேலே வந்தவர். இளையவர் முன்னால் நிற்கட்டும், மூத்தவர் பின்னாலிருந்து தாங்கட்டும் என்று என்.எஸ்.கே. சமாதானம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் தாங்குகிறவரை யாரும் பார்ப்பதில்லை என்பதும் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது.

விஸ்வநாதன் ராமமூர்த்தி என்பது இலக்கணப்படி உம்மைத்தொகை. விரித்தால் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். இரண்டு 'உம்'முக்கும் ஒரே எடை. உயர்திணை உம்மைத்தொகை பலர்பாலில்தான் முடியும் என்கிறது நன்னூல். 1963இல் சென்னையில் நடந்த விழாவில் கொடுக்கப்பட்ட பட்டமும் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பன்மையில்தான் இருந்தது. பிரிவுக்குப் பிறகு 'மெல்லிசை மன்னர்' என்று சொன்னாலே நம் காதில் விழுவது ஒரு பெயர்தான். அந்தக் 'கள்' எப்போது உதிர்ந்தது, யார் உதிர்த்தது என்று நாம் கேட்டதில்லை.

பதின்மூன்று வருஷத்தில் அவர்கள் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. 'பாகப்பிரிவினை' (1959), 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' (மூன்றும் 1961), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). 1964ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சாரங்கியும் ஷெனாயும் ஒலிக்கிற 'கர்ணன்' ஒரு பக்கம், மேற்கத்திய நடன இசை துள்ளுகிற 'காதலிக்க நேரமில்லை' இன்னொரு பக்கம். பல்லவி, சரணம் என்கிற மெட்டுக்கு வெளியே, முன்னிசையிலும் இடையிசையிலும் ஒரு கதையைச் சொல்ல முடியும் என்று காட்டியதுதான் இவர்கள் காலத்தின் சாதனை. இதை இருவர் மட்டும் செய்துவிடவில்லை. உதவியாளர் ஆர். கோவர்த்தனம் தொடங்கி, பெயர் தெரியாத வாத்தியக்காரர்கள்வரை ஒரு கூட்டமே உழைத்தது.

1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு கூட்டு முடிந்தது. ஏன் பிரிந்தார்கள்? யாரோ மூட்டிவிட்டார்கள், பணம், பெயர் என்று வதந்திகளுக்குக் குறைவில்லை. இந்த வதந்தி எல்லாமே பிரிவை இரண்டு ஆட்களின் குணக்கோளாறாகச் சுருக்கிவிடுகின்றன. தொழில் நடந்த முறையை யோசித்துப் பார்க்கலாம். கம்போசிங் என்பது தயாரிப்பாளரும் இயக்குநரும் கவிஞரும் சுற்றி உட்கார, நடுவில் ஆர்மோனியம் இருக்கிற சபை. வாத்தியக் கோர்வை அதற்குப் பின்னால், ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கிற வேலை. காசு போடுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற வேலை 'படைப்பு'. மற்றது 'உதவி' ஆகிவிடுகிறது. ஆர்மோனியக்காரர், வயலின்காரர் என்று டீக்கடைக்காரர் பிரித்த பிரிவினை இங்கிருந்து வந்ததுதான்.

மெட்டு இவர், கோர்வை அவர் என்ற இந்தப் பாகப்பிரிவினை உண்மைக்கு நிற்கிறதா? நிற்கவில்லை. பிரிந்த பிறகு ராமமூர்த்தி தனியாக 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா' (1966), 'நான்' (1967) படங்களுக்கு மெட்டும் போட்டார். விஸ்வநாதன் 'அன்பே வா' (1966) தொடங்கிப் பெரும் வாத்தியக் குழுக்களைத் தனியாகவே நடத்தினார். ஆக இருவருக்கும் இரண்டும் தெரியும். ஆனால் ஒருவருக்கு நூற்றுக்கணக்கில் படம். இன்னொருவருக்குக் கைவிரல், கால்விரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிற படங்கள். இதைத் திறமையின் தீர்ப்பு என்று மட்டும் படிப்பது சந்தையின் கணக்கை அப்படியே வரலாறாக ஏற்றுக்கொள்வது.

சுவீடனின் 'அபா' குழுவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஆன்னி-ஃப்ரீட் என்கிற நாலு பேரின் முதலெழுத்துகளே பெயர். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான். 1974இல் யூரோவிஷன் போட்டியில் ஜெயித்து உலகத்துக்கே தெரிந்தார்கள். 1981க்குள் இரண்டு தம்பதிகளும் மணமுறிவு பெற்றார்கள். 1982இல் குழுவின் வேலையும் நின்றது. பெயரில் நாலு பேரும் சமம். ஆனால் பாட்டு எழுதியவர்கள் என்ற பதிவு ஏறத்தாழ முழுக்க இரண்டு ஆண்களுக்கு. அந்தப் பாட்டை அடையாளம் காட்டிய இரண்டு பெண் குரல்கள் 'பாடியவர்கள்' மட்டும். 2021இல் நாலு பேரும் சேர்ந்து புதிய ஆல்பம் போட்டபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. கூட்டு உழைப்புக்கு ஒரு பெயரைச் சூட்டுவது எல்லா ஊரிலும் சுலபமாக இருக்கிறது. கூட்டாக நினைவில் வைப்பதுதான் முடிவதில்லை.

நம் இருவரும் 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். அதற்குள் கேட்கிற காதுகளே மாறிவிட்டிருந்தன. 2012இல் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தார். உதிர்ந்த பன்மை அன்றைக்கு ஒருநாள் மேடையேறியது. 2013இல் ராமமூர்த்தி இறந்தார், 2015இல் விஸ்வநாதன்.

விஸ்வநாதனைக் குறைத்து ராமமூர்த்தியைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமில்லை. அதுவும் ஒற்றை மேதையைத் தேடுகிற அதே பழக்கம்தான். 1952க்கும் 1965க்கும் இடைப்பட்ட பாட்டுகளில் எந்த இடம் யாருடையது என்று இன்றைக்குப் பிரித்தெடுக்க முடியாது. அப்படிப் பிரிக்க முடியாததுதான் அந்த இசை. எனவே அந்தப் பாட்டுகளைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வது மரியாதை சம்பந்தப்பட்டது அல்ல. தகவல் பிழை சம்பந்தப்பட்டது.

டீக்கடை அண்ணனிடம் நேற்றும் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு பேரும்தான், இப்ப அதுக்கென்ன?" என்றார். அந்த 'உம்' இப்போதைக்குப் போதும்.