ஊசி மருந்தும் உயிரணுவின் பழங்கதையும்



எத்தனையோ பேரின் உயிரைக் காத்த ஒரு மருந்து, சிலருடைய காதுகளைக் கெடுத்துவிட்டது. ஏன் கெடுத்தது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த விடை நம் உடலின் மிகப் பழைய வரலாறு ஒன்றில் இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் மருந்தைப் பற்றிச் சொல்வோம். 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன். காசநோய்க் கிருமியை எதிர்த்து நன்றாக வேலை செய்த முதல் மருந்து அதுதான். அதற்கு முன்பெல்லாம் சயரோகம் என்ற பெயரைக் கேட்டாலே வீடு நடுங்கும் அல்லவா? வாக்ஸ்மனுக்கு 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த மருந்தை முதன்முதலில் பெற்ற நோயாளிகளிடமே ஒரு தீங்கும் தெரிந்தது. சிலருக்குத் தலை சுற்றியது, நடை தடுமாறியது. சிலருக்குக் காது மந்தமாயிற்று. அதிக அளவில், நெடுநாள் கொடுத்தால் இத்தகைய மருந்துகள் யாருடைய காதையும் பாதிக்கக்கூடும். ஆனால் சில குடும்பங்களில் மட்டும் சிறிதளவு மருந்திலேயே காது கேளாமல் போனது. அதுவும் தாய், தாயின் உடன்பிறந்தார், தாயின் பிள்ளைகள் என்று தாய்வழியிலேயே தொடர்ந்து வந்தது. தந்தை வழியில் வரவில்லை. இது ஏன்?

இதற்கு விடை காண நாம் உயிரணுவுக்குள் நுழைய வேண்டும். நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. 1857ஆம் ஆண்டில் கோலிக்கர் என்ற அறிஞர், பூச்சிகளின் தசையை நுண்நோக்கியில் பார்த்தபோது உயிரணுவுக்குள் சிறுசிறு மணிகளைக் கண்டார். 1898இல் கார்ல் பெண்டா என்பவர் அவற்றுக்கு மைட்டோகாண்டிரியா என்று பெயரிட்டார். இழை, மணி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது. தமிழில் இழைமணி என்கிறோம். உண்ட உணவிலிருந்து உடல் உழைப்பதற்கான சக்தியைத் திரட்டித் தருவது பெரும்பாலும் இந்த இழைமணிதான் என்பதை 1948ஆம் ஆண்டு வாக்கில் கென்னடி, லெனிங்கர் என்ற இருவர் நிறுவினார்கள். மரம் வெட்டுவதற்கும் பால் எடுப்பதற்கும் வாளி சுமப்பதற்கும் வேண்டிய சக்தி அங்கேதான் பிறக்கிறது.

இந்த இழைமணி எங்கிருந்து வந்தது? பார்ப்பதற்குப் பாக்டீரியாவைப் போலவே இருக்கிறதே என்று 1890லேயே ஆல்ட்மன் என்பவர் வியந்தார். அது ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாதான் என்று 1927இல் ஐவன் வாலின் எழுதினார். அறிவியல் உலகம் அதை ஏற்கவில்லை. பிறகு 1963இல் நாஸ் தம்பதியர், இழைமணிக்குள் அதற்கே சொந்தமான மரபுப் பொருள் இருப்பதைக் கண்டனர். 1967இல் லின் மார்குலிஸ் என்ற அம்மையார் வாலினின் கருத்தை ஒத்த ஒரு கருத்தைப் புதிய சான்றுகளுடன் எழுதினார். பல இதழ்கள் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பின. அவர் சோர்ந்துவிடவில்லை. இன்று அக்கருத்தைப் பள்ளிப் பாடநூல்களிலேயே படிக்கிறோம்.

நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஒரு பாக்டீரியா வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து, அங்கேயே தங்கிவிட்டது. இதை நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சிறுதோட்டம் ஒன்று பெரிய தோட்டத்தோடு சேர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? கணக்குப் புத்தகங்களில் பெரும்பாலானவை பெரிய ஆபீசுக்குப் போய்விடும். ஒன்றிரண்டு மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கும். உயிரணுவிலும் அப்படியே நடந்தது. இழைமணியின் மரபணுக்களில் பல மெல்ல மெல்ல உயிரணுவின் உட்கருவுக்கு இடம் மாறின. 1981இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் மனித இழைமணியின் மரபுச் செய்தியை முழுமையாகப் படித்து முடித்தார்கள். அதில் ஏறத்தாழ 16,569 எழுத்துகளும், வெறும் 37 மரபணுக்களும்தான் இருந்தன.

அந்தச் சிறிய தொகுப்பிலுள்ள 13 மரபணுக்களைக் கொண்டு புரதம் செய்ய, இழைமணி தனக்கென ஒரு தொழிற்கூடம் வைத்திருக்கிறது. அதற்கு ரைபோசோம் என்று பெயர். இதில்தான் ஒரு வியப்பு இருக்கிறது. இந்தத் தொழிற்கூடத்தின் உட்பகுதிக்குரிய செய்தி இழைமணியிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிக் கட்டும் ஏறக்குறைய 80 புரதங்களுக்கும் உரிய மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. அப்புரதங்கள் வெளியே செய்யப்பட்டு, இழைமணிக்குள் அனுப்பப்படுகின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் பார்ப்போம். எம்.ஆர்.பி.எஸ். 12 என்பது அந்த மரபணுவின் பெயர். நம் உட்கருவில் 19ஆம் எண்ணுள்ள நிறமூர்த்தத்தில் அது இருக்கிறது. அது தரும் புரதத்துக்குப் பாக்டீரியாவில் ஓர் உறவுப் புரதம் உண்டு. அந்த உறவுப் புரதத்தில் சிறிய மாற்றம் ஏற்பட்டுவிட்டால், காசநோய்க் கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்குச் சாகாமல் தப்பித்துக்கொள்கிறது! ஸ்ட்ரெப்டோமைசின் தாக்கும் இடம் அந்தப் புரதத்தின் அருகில்தான் இருக்கிறது. அதே போன்ற இடம் நம் இழைமணியிலும் உண்டு.

இப்போது புதிர் அவிழ்கிறது, நேயர்களே. மருந்து கிருமியின் ரைபோசோமைத் தாக்குகிறது. நம் இழைமணியின் ரைபோசோம் அந்தக் கிருமியின் தூரத்து உறவு. சாதாரணமாக இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாடு நம்மைக் காக்கிறது. 1993ஆம் ஆண்டில், மருந்தினால் காது கேளாமற்போன குடும்பங்களை ஆராய்ந்தபோது, இழைமணியின் மரபுச் செய்தியில் 1555ஆம் எழுத்து மாறியிருந்தது தெரியவந்தது. அந்த ஓர் எழுத்து மாறியதால் நம் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதைப் போல இன்னும் கூடுதலாக ஆகிவிட்டது. மருந்தும் அதை எளிதில் பிடித்துக்கொண்டது. ஒலியை உணரும் காதின் நுண்ணிய அணுக்கள் அழிந்தன. அவை மீண்டும் வளர்வதில்லை.

தாய்வழியில் மட்டும் வந்த காரணமும் இதுதான். கருவில் நமக்குக் கிடைக்கும் இழைமணிகள் தாயின் கருமுட்டையிலிருந்து வருபவை. உட்கருவிலுள்ள மரபணுக்களின் கதை வேறு. அவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும். 2004இல், பிறந்து சில நாட்களிலேயே இறந்த ஒரு குழந்தையிடம், இதே ரைபோசோமுக்குரிய எம்.ஆர்.பி.எஸ். 16 என்ற மரபணு பழுதாகியிருந்ததை அறிஞர்கள் கண்டனர். பெற்றோர் நலமாக இருந்தாலும், பழுதான படி ஆளுக்கொன்று வைத்திருந்தால் இப்படி நேரலாம்.

இந்த ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பாக்டீரியாவின் ரைபோசோமை ஆராய்ந்து, 2009இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனித இழைமணியின் ரைபோசோம் முழுவதையும் அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டிய கேம்பிரிட்ஜ் குழுவிலும் அவர் இருந்தார். அது 2015இல் வெளிவந்தது.

இந்த வரலாறு நம் வீட்டுக்கு எதைச் சொல்கிறது? பிரிட்டனில் பிள்ளைகளிடையே செய்யப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 500 பேரில் ஒருவரிடம் அந்த 1555ஆம் எழுத்தின் மாற்றம் இருந்தது. ஜென்டாமைசின் போன்ற, இதே வகை மருந்துகள் இன்றும் உயிர் காக்கப் பயன்படுகின்றன. ஆகவே ஊசியைக் கண்டு அஞ்ச வேண்டாம். மருத்துவர் தரும் மருந்தை நாமாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் தாய்வழி உறவினர் யாருக்கேனும் ஊசிக்குப் பிறகு காது கேளாமல் போயிருந்தால், சிகிச்சை தொடங்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேறு மருந்தை அவர் தேர்ந்தெடுக்கலாம். மருந்து தொடங்கிய பின் காதில் இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் உடனே தெரிவியுங்கள். பிறந்த குழந்தைகளின் கன்னத்து உள்புறத்தைத் துடைத்தெடுத்து, அரை மணி நேரத்துக்குள் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறையைப் பிரிட்டன் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பிள்ளைக்குக் காது கேளாமல் போனால், தாயின் மீது பழி போடுவோர் உண்டு. தெய்வக் குற்றம் என்போரும் உண்டு. தாய் செய்த பிழை எதுவும் இதில் இல்லை. அந்த ஓர் எழுத்தை அவளும் தன் தாயிடமிருந்தே பெற்றாள், தானறியாமலே பிள்ளைக்கும் கொடுத்தாள். அவளைக் குறை கூறுவதால் காது திரும்பி வராது. அவள் சொல்லும் குடும்பச் செய்தியை மருத்துவரிடம் சேர்த்தால், அடுத்த பிள்ளையின் காதைக் காப்பாற்றலாம்.