பழைய லேண்ட் ரோவர்: பரிசோதனையில் 'பாஸ்' என்றால் எவ்வளவு நம்பலாம்?

கேமரன் மலையில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடையே சற்று நேரம் நின்றால் போதும். காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய லேண்ட் ரோவர் முனகியபடி கடந்து போகும். ஒரு காலத்தில் தோட்டத் துரைமார் ஏறி வந்த வண்டி அது. இன்று அது காய்கறி விவசாயிகளிடமும், பட்டறை வைத்திருப்பவர்களிடமும், பழைய வாகனப் பிரியர்களிடமும் கைமாறிக்கொண்டிருக்கிறது. கைமாறும்போது விற்பவர் தவறாமல் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "புஸ்பாகோம் பாஸ் ஆன வண்டி." நாற்பது, ஐம்பது வயதான வண்டியை வாங்கும் குடும்பம் அந்த வார்த்தையை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறது. அடுத்த நாளே பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து மலை இறங்குகிறது.

மலேசியாவில் லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். தனியார் வாகனங்களுக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயம் கிடையாது. பெயர் மாற்றும்போது, கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, இயந்திரம் மாற்றும்போது என்று சில சமயங்களில்தான் அவை சோதனைக்கு வருகின்றன. ஆகவே ஒரே உரிமையாளரிடம் முப்பது ஆண்டு இருந்த லேண்ட் ரோவர், சாலை வரியும் காப்புறுதியும் மட்டும் கட்டி, அந்த முப்பது ஆண்டும் எந்தப் பரிசோதகரின் கண்ணிலும் படாமல் ஓடியிருக்கலாம். 1994 முதல் இந்தச் சோதனைகளை நடத்தி வரும் புஸ்பாகோமின் தனியுரிமை 2024-இல் முடிவுக்கு வந்து, மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டுள்ளது. யார் சோதித்தாலும், அந்தச் சீட்டு சொல்வது அன்றைய நாளின் நிலையை மட்டுமே.

பெயர் மாற்றத்தில் முதலில் பார்ப்பது வண்டியின் அடையாளம். சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய லேண்ட் ரோவருக்குச் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. பெரும்பாலான மாடல்களில் சேசிஸ் எண், வலப்பக்க முன் ஸ்பிரிங் பொருந்தும் இடத்தருகே அடிச்சட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கும். சேறும் தண்ணீரும் நேராக வந்து அடிக்கும் இடம் அது. துரு தின்று, மேலே பல பூச்சு பெயிண்ட் ஏறி, எண் படிக்க முடியாமல் போவது சகஜம். மூல இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரம் பொருத்திய வண்டிகளும் நிறைய உள்ளன. அந்த மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் (ஜேபிஜே) பதியாமல் விட்டிருந்தால், வண்டி நன்றாக ஓடினாலும் சோதனையில் நிற்காது.

துரு விஷயத்தில் லேண்ட் ரோவர் கண்ணை ஏமாற்றும். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோதே அதன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. அதனால் ஐம்பது ஆண்டு கழிந்தும் கதவும் மட்கார்டும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அடியில் தாங்கும் சட்டம் எஃகு. உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டி வடிவம். ஈரம் உள்ளே புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், உடலைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள், கால் வைக்கும் இடத்தை ஒட்டிய முன் தடுப்பு ஆகியவைதான் முதலில் போகும். பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. வெளியே தெரிவதைத்தான் பார்க்கிறார். விற்பதற்கு முந்தின வாரம் அடியில் கெட்டியாகக் கறுப்புத் தார் பூசிய வண்டி என்றால் வாங்குபவர் சந்தேகப்படுவதே நல்லது.

அந்த வண்டி பிறந்த பிரிட்டனில் இதற்குத் தெளிவான அளவுகோல் உண்டு. ஸ்டீயரிங், பிரேக், ஸ்பிரிங், இருக்கைப் பட்டி பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் சட்டம் கடுமையாக அரித்திருந்தால் வண்டி தோற்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், 2018 மே மாதத்திலிருந்து அங்கே 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு.

பிரேக்: மிஷின் காட்டாத சங்கதிகள்

சோதனை நிலையத்தில் சக்கரங்களை ரோலர் மேல் நிறுத்திப் பிரேக் அழுத்தச் சொல்வார்கள். சில வினாடிகளில் எண் வந்துவிடும். மிஷின் பொய் சொல்வதில்லை. ஆனால் அது அளப்பது குளிர்ந்த பிரேக்கை. சீரிஸ் வகை வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வளைந்து இறங்கும் சாலையில், சுமையோடு பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் பழையதாகி ஈரம் இழுத்திருந்தால் கொதித்துப் பெடல் தொளதொளவென்று போகும். காலையில் 'பாஸ்' ஆன அதே பிரேக்தான் மத்தியானம் இப்படி நடந்துகொள்ளும்.

1983-இல் வந்த ஒன் டென் மாடலும், 1990 முதல் டிஃபென்டர் என்று பெயர் பெற்றவையும் எப்போதும் நான்கு சக்கரத்திலும் இழுப்பவை. இரண்டு சக்கரத்தை மட்டும் ரோலரில் சுழற்றினால் விசை மற்ற அச்சுக்கும் பாய்ந்து, அளவு தவறாக வரலாம்; வண்டியே ரோலரிலிருந்து ஏறி ஓடவும் கூடும். பிரிட்டனில் இத்தகைய வண்டிகளைச் சாலையில் ஓட்டிப் பார்த்துத்தான் பிரேக்கை அளக்கிறார்கள். இங்கே சோதனைக்குக் கொண்டுபோகும் உரிமையாளர், ரோலரில் ஏறும் முன்பே இதைப் பரிசோதகரிடம் சொல்லிவிட வேண்டும். நடு டிஃபரன்ஷியல் லாக் விடுபட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹேண்ட்பிரேக் இன்னும் முக்கியம். மற்ற கார்களில் அது பின் சக்கரங்களைப் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரில் அது கியர் பெட்டிக்குப் பின்னால், சக்கரத்திற்குச் சக்தி கொண்டுபோகும் ஷாப்டைப் பிடிக்கிறது. அதனால் இரு சக்கர இழுப்பில் நிற்கும் சீரிஸ் வண்டியில் ஒரு பின் சக்கரத்தை ஜாக் போட்டுத் தூக்கினால், தூக்கிய சக்கரம் தாராளமாகச் சுழலும். தரையிலுள்ள சக்கரத்திற்குப் பிடிப்பே இருக்காது. ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி உருண்டுவிடும். தோட்டச் சரிவில் டயர் மாற்றுபவர் கல்லோ கட்டையோ வைக்காமல் ஜாக்கைத் தொடக்கூடாது. இன்னொன்று: கியர் பெட்டியின் பின்பக்க ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள் போகும். சோதனையன்று துடைத்துச் சுத்தம் செய்து 'பாஸ்' வாங்கிய ஹேண்ட்பிரேக், சீல் மாற்றாவிட்டால் மீண்டும் வழுக்கும்.

புகைச் சோதனையில் டீசல் வண்டிக்கு வரம்பு 50 எச்எஸ்யூ. சோதனைக்கு முன் டீசல் பம்ப்பின் திருகைக் குறைத்துப் புகையை அடக்கி, பிறகு பழையபடி திருகிவிடும் தந்திரம் பட்டறைகளில் தெரிந்ததுதான். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் வண்டியைத் தன்னார்வப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதற்கு வழி இருக்கிறது. அதோடு லேண்ட் ரோவர் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய், சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்தது சொத்தென்று கேட்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் ஸ்டீயரிங் மூட்டுகளின் ஆட்டம் தெரியும். இரவு முழுவதும் நின்ற இடத்தில் மறுநாள் காலை தரையைப் பார்த்தால், எண்ணெய் எங்கிருந்து சொட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சட்டம் முழுதாகப் போயிருந்தால் விற்பவர் "புது சேசிஸ் போட்டுக்கலாம்" என்பார். டிஃபென்டர் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றுவிட்டாலும், பிரிட்டனில் புதிய சட்டங்கள் இன்றும் விற்பனைக்கு உண்டு. ஆனால் எண் அடிக்கப்பட்டிருப்பது பழைய சட்டத்தில். அந்தத் துண்டை வெட்டிப் புதியதில் ஒட்டினால் அது சட்டப்படி குற்றமாகிவிடும், வண்டியே பறிமுதலாகலாம். எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.