தைரொயிட் குறைசுரப்பு: புத்தளக் கரையோரம்

தைரொயிட் குறைசுரப்பு என்பது, கழுத்தின் முன்புறம் குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைரொயிட் சுரப்பி உடலுக்கு வேண்டிய அளவு தைரொட்சினைச் சுரக்காத நிலை. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி, கற்பிட்டி என நீளும் புத்தளம் மாவட்டக் கரையில் இந்நோயைப் பற்றிப் பேசுவதென்றால் உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். இலங்கையின் முதன்மையான உப்பு விளைநிலங்களுள் புத்தளமும் ஒன்று. கடல் பக்கத்தில் இருக்கிறது, அன்றாடம் மீன் கிடைக்கிறது, உப்பு வாசலிலேயே விளைகிறது. பிறகு தைரொயிட் நோய் எப்படி வரும் என்று கேட்பது இயல்பு. வரும்.

உப்பும் அயடீனும்

தைரொட்சினை உண்டாக்க அயடீன் வேண்டும். கடல்நீரில் அயடீன் உண்டு, ஆனால் மிகக் குறைவு: ஒரு லீற்றரில் ஏறத்தாழ 50 முதல் 60 மைக்ரோகிராம். உப்பளத்தில் நீரைப் பாத்தி பாத்தியாக ஏற்றி வெயிலில் வற்றவைக்கும்போது உப்பு படிகமாகத் தரையில் இறங்குகிறது. இருந்த கொஞ்ச அயடீனிலும் பெரும்பகுதி எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. ஆகவே பாத்தியிலிருந்து வாரிய உப்பு, கடலிலிருந்து வந்ததாலேயே அயடீன் உள்ள உப்பு ஆகிவிடாது.

கடலோரம் என்பதும் காப்பு அல்ல. 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 18.8 சதவீதத்தினருக்குக் கண்டக்கழலை, அதாவது தைரொயிட் சுரப்பி வீங்கிய நிலை, இருந்தது. மிகக் கூடுதலாகக் கண்டது கடலோர மாவட்டமான களுத்துறையில், 30.2 சதவீதம், மிகக் குறைவாகக் கண்டது கடலையே காணாத மாத்தளையில், 6.5 சதவீதம். இதன் பின்னரே, 1995 முதல், சமையல் உப்பில் அயடீன் சேர்ப்பது நாடெங்கும் கட்டாயமானது. சேர்ப்பது பொட்டாசியம் அயடேற்று. வெக்கையும் ஈரமும் உள்ள நாட்டில் அயடைட்டை விட அது நிலைத்து நிற்கும். 2010இல் பிள்ளைகளிடையே கண்டக்கழலை 4.4 சதவீதமாக இறங்கியிருந்தது.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும், கர்ப்பிணிக்கு 250. கல்லுப்பை அழுக்குப் போகக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் உள்ள வீடுகளில், மணியின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த அயடீனும் சேர்ந்தே வடிந்துவிடும். கருவாடு போட வாங்கிய மூட்டை உப்பைச் சமையலுக்கு எடுத்தால், அதில் அயடீன் இருக்கும் என்று நம்ப முடியாது.

இன்றைய காரணம்

அயடீன் குறை பெருமளவு தீர்ந்த இடத்தில் குறைசுரப்புக்கு முதற்காரணம் வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்ல அழிக்கிறது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயராலேயே நோய் அறியப்படுகிறது. ஆண்களை விடப் பெண்களிடம் பல மடங்கு கூடுதல். தைரொயிட் சத்திரசிகிச்சை, கதிரியக்க அயடீன் சிகிச்சை, லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்துகள் ஆகியவற்றாலும் சுரப்பு குறையலாம். ஹஷிமோட்டோ நோயாளி உப்பைக் கூட்டிச் சாப்பிட்டால் குணம் வராது, இரத்த அழுத்தம்தான் ஏறும். அளவு மீறிய அயடீன் இந்நோயை மோசமாக்கவும் கூடும். கடற்பாசி மாத்திரைகளை இவர்கள் தொடாமலிருப்பதே நல்லது.

சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், எடை கூடல், கரகரத்த குரல், மாதவிடாய் மிகைப்பு, மறதி ஆகியவை அறிகுறிகள். பாடநூல்கள் முதலில் சொல்லும் ‘குளிர் தாங்காமை’ புத்தளத்து வெயிலில் எளிதில் பிடிபடாது. மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் கவனிக்கலாம். அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இரத்தத்தில், தைரொயிட்டைத் தூண்டும் ஹோமோனான டி.எஸ்.எச். கூடி, தைரொட்சினான ரி4 குறைந்திருந்தால் நோய் உறுதி. டி.எஸ்.எச். மட்டும் சற்றுக் கூடியிருந்தால் எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. அது 10க்கு (mIU/L) மேல் போனால் பெரும்பாலும் மருந்தைத் தொடங்குவார்கள்.

மாத்திரை

1891இல் நியூகாசில் நகர மருத்துவர் ஜோர்ஜ் மரே, செம்மறியின் தைரொயிட் சாற்றைக் குறைசுரப்பு நோயாளிப் பெண் ஒருவருக்கு ஊசியாக ஏற்றினார். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அதே வேலையைச் செய்வது லெவோதைரொட்சின் மாத்திரை. முழு அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம், முதியோருக்கும் இதய நோயாளருக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். அளவு மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபடி இரத்தம் சோதிப்பார்கள். அதற்கு முன் சோதித்தால் கிடைக்கும் எண் எதையும் தெளிவாகச் சொல்லாது.

பலருக்கு மருந்து வேலை செய்யாமல் போவது மாத்திரையால் அல்ல, பிளேன்டீயால். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. கிளினிக்கில் இவற்றை ஒன்றாக வாங்கும் கர்ப்பிணிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தகரக் கூரை வீட்டில் அடுப்படித் தட்டில் வைத்த மாத்திரை சூட்டில் வீரியம் இழக்கும்.

முஸ்லிம்கள் செறிந்து வாழும் இந்தக் கரையில் நோன்பு மாதம் தனிக் கேள்வி. நோன்பு திறந்ததும் மாத்திரையைக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கினால் ஒரு பகுதி வீணாகும். விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு எழுந்து போடலாம். அல்லது இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடலாம். இரண்டாவது வழி பலருக்கு இலகு. மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால் ஒருநாள் தவறினால் பதறத் தேவையில்லை. ‘ஒரு மாதம்தானே’ என்று நிறுத்துவதுதான் கூடாது.

கர்ப்பம் உறுதியானதும் மருந்தின் தேவை கால் பங்கு அளவில் உயரும். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிறவிக் குறைசுரப்பைக் கண்டறியக் குழந்தையின் குதிக்காலில் துளி இரத்தம் எடுக்கும் திட்டம் 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் விரிந்தது. முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சியைப் பெரும்பாலும் காக்கலாம். மாத்திரையை நசுக்கிச் சில துளி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கரண்டியால் புகட்டுவார்கள். போத்தல் பாலில் கலந்தால், குழந்தை மிச்சம் விடும் பாலோடு மருந்தும் போய்விடும்.