கருவைக் காக்கும் ஹார்மோனை அளந்த கதை

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில், வெட்டாற்றங்கரையில் இருக்கும் ஊர் திருக்கருகாவூர். குழந்தை வேண்டி வரும் பெண்கள் இங்கே அம்பாள் சன்னதியில் கொடுக்கும் நெய்யை வாங்கிச் சாப்பிடுவார்கள். அம்பாளின் பெயர் கர்ப்பரட்சாம்பிகை. தமிழில் கருக்காத்த நாயகி.

ஏறக்குறைய இதே பொருளில் ஒரு ஹார்மோனுக்கும் பெயர் உண்டு. புரோஜெஸ்டிரோன்! 1935ல் வைத்த இந்தப் பெயருக்குள் 'கருவைச் சுமக்க உதவுவது' என்ற லத்தீன் பொருள் இருக்கிறது. இரண்டு பெயர்களுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கவலை ஒன்றுதான்: கரு தங்க வேண்டுமே!

மாதம் ஒருமுறை சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுகிறது. முட்டை இருந்த பை மஞ்சள் நிறக் கட்டியாக மாறுகிறது. இதுதான் கார்ப்பஸ் லூட்டியம். சுமார் 14 நாள் உயிரோடு இருந்து புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். நாற்று நடும் முன் வயலைச் சேறடித்துப் பண்படுத்துவது போல, அந்த ஹார்மோன் கருப்பையின் உட்சவ்வைத் தயார் செய்கிறது.

இந்த மஞ்சள் கட்டியை 1672ல் டச்சு மருத்துவர் டி கிராஃப் விவரித்து எழுதினார். அது எதற்காக இருக்கிறது என்பது இருநூறு வருடங்களுக்கு மேல் புரியவில்லை. 1903ல் ஜெர்மனியின் லுட்விக் ஃபிராங்கல் சினை முயல்களில் அந்தக் கட்டிகளை அழித்துப் பார்த்தார். கரு தங்கவில்லை. 1929ல் அமெரிக்காவின் கார்னரும் ஆலனும் கட்டியின் சாற்றிலிருந்தே அந்த ஹார்மோனைப் பிரித்துக் காட்டினார்கள். சினைப்பையை எடுத்துவிட்ட முயல்களுக்கு அந்தச் சாற்றை ஊசியாகப் போட்டதும் கரு பிழைத்தது! 1934ல் பியூடனன்ட் சுத்தமான ஹார்மோனை எடுத்தார். 50,000 பன்றிகளின் சினைப்பைகளிலிருந்து கிடைத்தது வெறும் 20 மில்லிகிராம்.

இந்தக் கட்டி சரியாக வேலை செய்யாததும் குழந்தையின்மைக்குக் காரணமாகலாம் என்று 1949ல் ஜார்ஜியானா ஜோன்ஸ் எழுதினார். ஆனால் உயிரோடு இருக்கும் பெண்ணின் ரத்தத்தில் அதை அளப்பது எப்படி? உடல் வெப்பத்தைக் குறித்து வைப்பது, சிறுநீரைச் சோதிப்பது, கருப்பையின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது என்று சுற்று வழிகள்தான் இருந்தன.

நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்து இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் அதே முறையில் புரோஜெஸ்டிரோனையும் அளக்க முடிந்தது. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராம் கணக்கில்! பெர்சன் 1972ல் இறந்துவிட, யாலோவுக்கு 1977ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மௌத்கல், மத்வராஜ் இருவரும் சினை எலிகளில் எல்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோனை எதிர்ப்பொருளால் முடக்கினார்கள். கரு அழிந்தது. கூடவே புரோஜெஸ்டிரோன் கொடுத்தபோது கரு பிழைத்தது. மஞ்சள் கட்டியை இயக்குவது எல்.எச். என்பதற்கு இது வலுவான சான்று. ஆய்வு வெளியான ஆண்டு 1970.

இன்று இது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு 21ஆம் நாள் எடுப்பார்கள். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று அர்த்தம். 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு 28ஆம் நாள்தான் எடுக்க வேண்டும். அவருக்கும் 21ஆம் நாளே எடுத்தால் அளவு குறைவாகத்தான் வரும். குறை உடம்பில் இல்லை, நாள் கணக்கில்!

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பதால், ஒன்றரை மணி நேரத்துக்குள் அளவு எட்டு மடங்கு வரை மாறலாம். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து 'மஞ்சள் கட்டி பலவீனம்' என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை உறுதிப்படுத்தும் நம்பகமான பரிசோதனை இன்னும் வரவில்லை.

குழந்தை இல்லையென்றால் பெண்ணை மட்டும் 'மலடி' என்று சொன்ன ஊர்கள் டெல்டாவிலும் உண்டு. ஆணிடமும் காரணம் இருக்கலாம் என்பதை அந்த ஒற்றைச் சொல் மறைத்துவிட்டது. பழிக்குப் பதில் காரணத்தைத் தேட வைத்ததுதான் ஹார்மோன் அளவீட்டின் பெரிய சாதனை. ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைச் சீட்டு இன்னொரு பழிச்சொல்லாக மாறாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.