பெருந்தொற்றுக் காலத் தடுப்புமுறைகளும் மகரந்த ஒவ்வாமையும்

கொரோனாவுக்காகக் கைக்கொண்ட தடுப்புமுறைகள் பருவகால மகரந்த ஒவ்வாமையையும் மாற்றின. ஆனால் மாற்றம் ஒரே திசையில் இல்லை. முகக்கவசம் மூக்குக்கு நன்மை செய்தது, கண்ணுக்குச் செய்யவில்லை. திறந்த ஜன்னல் ஒவ்வாமைக்காரர்களுக்கு எதிராகவே போனது. இதைப் பார்க்க ஜப்பான் ஏற்ற நாடு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத்தேவைக்காக ஜப்பானிய மலைச்சரிவுகளில் சுகி, ஹினோகி மரங்களை நெருக்கமாக நட்டார்கள். அவை முதிர்ந்தபின் பிப்ரவரி தொடங்கி வசந்தம் முடியும்வரை காற்றெல்லாம் மகரந்தம். சுகி ஒவ்வாமை பற்றிய மருத்துவ அறிக்கை நிக்கோ பகுதியிலிருந்து 1964இல் வந்தது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களிடமும் அவர்களது குடும்பத்தாரிடமும் 2019இல் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பில் 38.8 சதவீதம் பேருக்கு அது இருந்தது. மருத்துவர் வீடுகளிலேயே இந்த நிலை! ஆகவே வசந்தத்தில் முகக்கவசம் அணிவது அங்கே பெருந்தொற்றுக்கு முன்பே ஊரறிந்த வழக்கம்.

மூக்கின் உட்சவ்வில் மகரந்தம் படிந்ததும் அதன் புரதங்கள் கரைந்து வெளிவருகின்றன. ஒவ்வாமை உள்ளவரின் மாஸ்ட் செல்கள்மேல் முன்பே ஒட்டியிருக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருள்கள் அவற்றைப் பிடித்துக்கொள்ள, ஹிஸ்டமின் சுரக்கிறது. தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, அரிப்பு எல்லாம் அதன் விளைவு. சுகி மகரந்தத் துகள் ஏறத்தாழ 30 மைக்ரான். கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான் அளவு. வைரஸுக்குப் போதுமா என்று விவாதிக்கப்பட்ட சாதாரண முகக்கவசம்கூட மகரந்தத்தை நன்றாகவே தடுக்கும். உள்ளிழுக்கும் மகரந்தத்தை அது மூன்றில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரையாகக் குறைக்கும் என்கிறது ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையேடு. காற்று பலமாக வீசினால் பலன் குறையும். கவசத்துக்குள் மூச்சுக்காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதும் எளிதில் எரிச்சலடையும் மூக்குக்கு இதம்.

2020இல் இஸ்ரேலில் ஒவ்வாமை உள்ள செவிலியர்களிடம் கேட்டறிந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. கவசம் அணிந்த நாட்களில் மூக்குத் தொல்லைகள் தணிந்தன. கண் அரிப்பும் கண்ணீரும் அப்படியே நீடித்தன. முகத்தைத் தொடாதே, கையைக் கழுவு என்ற அறிவுரை கண்ணுக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம். மகரந்தம் ஒட்டிய விரலால் கண்ணைக் கசக்குவது பலருக்கும் உள்ள பழக்கம்தான்.

காற்றோட்டம்தான் சிக்கல். தொற்றைத் தவிர்க்க ஜன்னலைத் திற என்றார்கள்; ஒவ்வாமைக்கு மூடு என்பது பழைய பாடம். இடைவழியாக, ஜன்னலைச் சுமார் 10 சென்டிமீட்டர் மட்டும் திறந்து மெல்லிய திரையை இழுத்துவிட்டால் உள்ளே வரும் மகரந்தம் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று அதே கையேடு சொல்கிறது.

2020 வசந்தத்தில் ஜப்பானிய ரயில் பெட்டியில் தும்முவதே சங்கடமாயிற்று. முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு. தும்மல் தொற்றினால் அல்ல, மகரந்தத்தால்தான் என்று தெரிவிக்கும் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், கண்ணும் மூக்கும் அரித்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. காய்ச்சல், உடல்வலி என்றால் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். மணம் தெரியாமல் போவது இரண்டிலும் நேரலாம்.

2020இல் தொல்லை குறைந்ததாக உணர்ந்தவர்கள் எல்லாப் புகழையும் கவசத்துக்கே தருவது சரியல்ல. சுகியின் ஆண் பூக்கள் முந்தைய கோடையிலேயே அரும்புகின்றன. 2019 ஜூலையில் டோக்கியோ வட்டாரத்தில் வெயில் குறைவு. அடுத்த ஆண்டு மகரந்தமும் குறைவாகவே பறந்தது. வீட்டடங்கலின் பங்கு வேறு இருக்கிறது. இவற்றைப் பிரித்துக் கணக்கிடுவது கடினம். 2023 நேர்மாறு: மகரந்தம் மிகுந்த ஆண்டு. முகக்கவசத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்ட தளர்வு அந்த மார்ச் 13 அன்று, சுகிப் பருவத்தின் நடுவில் வந்தது. ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கவசத்தைக் கழற்ற அதைவிடப் பொருந்தாத நாள் இல்லை.

மகரந்தத்துக்கும் வைரஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. 31 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, காற்றில் மகரந்தம் கூடிய நாட்களை அடுத்துத் தொற்றும் கூடியதாகக் கண்டது. மகரந்தம் மூக்குச் செல்களின் வைரஸ் எதிர்ப்பை மந்தமாக்குவது காரணமாகலாம். ஆனாலும் இரண்டும் சேர்ந்து ஏறியதால் மட்டும் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்றாகாது.

மூக்கில் பீய்ச்சும் ஸ்டீராய்டு மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமோ என்ற பயமும் பரவியது. ஒவ்வாமை வல்லுநர் அமைப்புகள் 2020இலேயே அதை நிறுத்த வேண்டாம் என்றன. நிறுத்தினால் தும்மல் கூடும். தொற்றுள்ளவர் தும்மினால் வைரஸும் கூடுதலாகப் பரவும்.